துண்டுக்குள் டெஸ்டோஸ்டிரோன்

பஸ்ஸில் ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை டிக்கெட் வாங்குவது அல்ல. என் காக்கிச் சட்டையின் காலரை இழுத்துச் சரி செய்வது. இரண்டாவது வேலை, பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய தலையைப் பார்ப்பது. முடி கலைந்திருந்தால் தன் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து நீட்டுவார். அந்தச் சீப்பு போன செவ்வாய்க்கிழமை எந்த மாட்டின் வாலைச் சீவியது என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்ததில்லை. வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு வரைக்கும் மாட்டு வால் சீப்பில் தலை வாரிக்கொண்டு போனவர்களில் ஒருவர் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை. பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் மாட்டுத் தரகர். பெயர் வேண்டாம். எழுதினால் அவருடைய பிள்ளைகள் படிப்பார்கள். படித்துவிட்டு, "அப்பாவை இன்னும் கொஞ்சம் பளிச்சுனு எழுதி இருக்கலாமே" என்பார்கள். அந்த வீட்டு ரத்தம் அப்படி.

நான் அந்த ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். பஸ்ஸுக்கு டேப் ரெக்கார்டர் வைத்த புதிது. டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டால் ஹாரன் அடிக்கக்கூட மறந்துவிடுவான். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தை. அன்றைக்குக் காலை முதல் நடையில் அவர் ஏறிவிடுவார். தோளில் ஒரு பெரிய வெள்ளைத் துண்டு. கையில் ஒரு காக்கித் துணிப் பை. பைக்குள் கொம்பு சீவுகிற கத்தி, விளக்கெண்ணெய் புட்டி, சீயக்காய்ப் பொட்டலம், புது மூக்கணாங்கயிறு, ஒரு சின்ன அரம். அரம் மாட்டின் பல்லுக்கு. கிழட்டு மாடு அவர் கையில் கால் மணி நேரம் இருந்தால் நாலைந்து வயது குறைந்து வெளியே வரும்.

அவர் வாயில் ஒரே மந்திரம்தான். "பாக்க வர்றப்போ பளிச்சுனு நிக்கணும்பா. அப்பால அது இன்னாவா இருந்தா இன்னா."

மாட்டுக்கு மட்டும் இல்லை, பார்க்க யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், எதையும் அவர் விடமாட்டார். டிக்கெட் செக்கர் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் என் பேனாவைப் பிடுங்கி என் சட்டைப்பையில் கிளிப் வெளியே தெரிகிற மாதிரி மாட்டுவார். பேனாவில் மை இருக்கிறதா என்பது அவருக்கு அடுத்த விஷயம்.

ஒருமுறை அவருடைய சொந்தக்காரப் பையனுக்குச் சம்பந்தம் பேச செல்லிப்பட்டிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தொழுவத்தில் ஒரு கிழட்டு எருமைதான் இருந்தது. இவர் சும்மா இருப்பாரா? எருமையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஜோடி காளையை இரவல் வாங்கிவந்து, கொம்புக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி நிறுத்தினார். பெண்ணின் தாய்மாமன் தொழுவத்துப் பக்கம் போனார். இடதுபக்கத்துக் காளை தலையைத் தூக்கிப் பார்த்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது, அவருடைய முழங்கையை நக்க ஆரம்பித்தது. காளைகள் அந்தத் தாய்மாமனுடையவை. இவர் இரவல் கேட்டது ஆற்றங்கரையில் மேய்த்துக்கொண்டிருந்த அவருடைய ஆளிடம்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இவர் சொன்னாராம்: "பாத்தியாப்பா, ஒங்க மாடே இந்த வூட்டுல வந்து இருக்கப் பிரியப்படுது. பொண்ணைக் குடுக்க இன்னா யோசனை?"

கல்யாணம் நடந்தது. காளைகள் திரும்பிப் போயின.

மனுஷன் அப்படி. இப்போது என் கதைக்கு வருகிறேன். என் ரத்தத்தையும் அவர் அலங்காரம் செய்து சந்தைக்கு அனுப்பிய கதை அது.

முப்பத்தைந்து வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பிள்ளைகளுக்கு வரவேண்டிய நோய். என் மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கன்னத்தோடு நின்றது. எனக்கு வீக்கம் கீழே இறங்கியது. எதுவரை இறங்கியது என்று எழுதமாட்டேன். சில வாரம் பஸ்ஸில் காலை அகட்டி நின்றுதான் டிக்கெட் கிழித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். வீக்கம் வடிந்தது. அதோடு வேறு ஏதோவும் சேர்ந்து வடிந்துவிட்டது என்பது தெரிய ஒரு வருஷம் ஆனது.

முதலில் தாடி நின்றுபோனது. வாரம் ஒருமுறை சவரம் செய்தால் போதும். பிளேடு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு தூக்கம். ஒதியம்பட்டு நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்று தூங்குவேன். ஜனங்களே மணியை அடித்து அவர்களே இறங்கிக்கொள்வார்கள். விசிலை ஊதினால் டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, பின்னாடி கைக்கொழந்தை எதுனா அழுவுதா?" என்பான். வீட்டில் செசிலி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. நல்ல பெண்சாதி எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தரகர் ஒருநாள் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "பூச்சி" என்று தீர்ப்புச் சொன்னார். "வேப்பங்கொழுந்து சாப்பிடு." சாப்பிட்டேன். கசந்ததுதான் மிச்சம்.

கடைசியில் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஹார்மோன் டாக்டர் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். என் கதையைக் கேட்டு, ரத்தம் எடுத்து, மெட்ராசுக்கு அனுப்பினார். சீட்டு வந்தது. ஆம்பிளைகளின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் ஓடுகிறதாம். அது முந்நூறிலிருந்து ஆயிரம் வரைக்கும் இருக்கவேண்டுமாம். எனக்கு எண்பது. முந்நூறு பாஸ் மார்க் என்று நான் எடுத்துக்கொண்டேன். கணக்குப் பாடத்தில்கூட அவ்வளவு கேவலமாக நான் ஃபெயில் ஆனதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தரகர் சீட்டில் உட்கார்ந்ததும், "எவ்ளோன்னான் டாக்டரு?" என்றார். பஸ் நிறைய ஜனம். நான் கண்ணைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கையின் மேலும் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாயால் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொன்னால் இரண்டு பேருக்குள் முடிந்துபோகும். முதல் பிடி நூறு, இரண்டாவது பிடி பத்து. நான் முதல் பிடியில் வெறுங்கையைக் காட்டிவிட்டு, இரண்டாவது பிடியில் அவருடைய எட்டு விரலைப் பிடித்தேன்.

அவர் முகம் வாடிப்போனது. "ரொம்ப கம்மியாக் கேக்கறானே" என்றார்.

பின் சீட்டு அம்மாள் முன்னால் குனிந்து, "கண்டக்டரு மாடு விக்கிறாரா?" என்று கேட்டாள். "விக்கிறாரு, ஆனா வெலை படியல" என்றார் தரகர்.

டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று எழுதினார். எண்ணெயில் கரைத்த மருந்து. கண்ணாடிக் குப்பியைப் பார்த்தால் நல்லெண்ணெய் மாதிரி தேன் நிறத்தில் இருக்கும். குப்பிகளை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வில்லியனூரில் ஒரு நர்ஸ் போட்டுவிடுவார். எண்ணெய் மருந்து உள்ளே இறங்க நேரம் ஆகும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிடுவேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் விசிலை ஊதினேன். புளியமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான். தாடி வந்தது. கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன், விட்டுப்போன நாய் வீட்டுக்குத் திரும்பி வந்தால் தடவுகிற மாதிரி. காலையில் எழுந்து பாட்டுப் பாடினேன். செசிலி அடுப்படியிலிருந்து, "இன்னாங்க, டேப் ரெக்கார்டரை வூட்டுக்கே தூக்கினு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அதைவிட வேறு ரத்தச் சீட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் டாக்டருக்குத் தேவைப்பட்டது. அவர் சொன்னது ரொம்பத் தெளிவு: "அடுத்த ஊசி போடவேண்டிய அன்னைக்குக் காலையில, ஊசி போடாம, நேரா இங்க வந்து ரத்தம் கொடுங்க. ரத்தம் கொடுத்த பிறகுதான் ஊசி."

இதைப் போய் நான் தரகரிடம் சொன்னேன்.

"எதுக்கு ரத்தம்?"

"ஊசி வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு."

"அப்போ, பாக்க வர்றாங்க."

"ஆமா, அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அவர் கண்ணில் செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வந்துவிட்டது. "மூணு வாரம் முடியற அன்னைக்கு ஒடம்புல மருந்து ஏறி இருக்குமா, எறங்கி இருக்குமா?"

"எறங்கித்தான் இருக்கும்."

"எறங்கின அன்னைக்குப் போயி எவன்னா காட்டுவானா? கறந்துட்டு மடியைக் காட்டற மாதிரி இருக்குது நீ சொல்றது. ரெண்டு வேளை கறக்காம, மடி தெறிக்க ஓட்டினு போறதுதான் முறை."

"டாக்டரு அப்படித்தானே சொன்னாரு."

"வாங்கறவன் அப்படித்தான் சொல்லுவான், கறந்துட்டுக் காட்டுன்னு. காட்டறவனுக்குப் புத்தி வேணாம்? கம்மியா வருதுன்னு வையி. இந்த மருந்து இவனுக்குப் புடிக்கலன்னு எழுதிட்டு நிறுத்திட்டான்னா இன்னா பண்ணுவே?"

அங்கேதான் நான் விழுந்தேன். மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற என் உருவம் கண்ணில் வந்தது. பாட்டு நின்றுபோன வீடு, எதையும் கேட்காத செசிலி. இரண்டு நாள் முன்னதாகவே குப்பியை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனேன். "நாளு ஆவலியே" என்றார். "ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ரத்தம் கொடுக்கப் போன அன்று தரகர் பஸ்ஸில் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன், சவரம் செய்திருந்தேன். என் கன்னத்தைத் தட்டி, "நல்லா நிக்கிறே" என்றார்.

சீட்டு வருவதற்குள் எனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் இனிமேல் எனக்கு நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் சீட்டை வாங்கினேன். டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் முறை. பஸ்ஸில் வந்து பிரித்துப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

தரகரிடம் துண்டுக்குள் சொன்னேன். பத்து விரலையும் பிடித்தேன், மறுபடி ஆறு, அப்புறம் நாலு. அவர் துண்டை உதறிவிட்டு எழுந்து நின்றார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயிரத்துக்கு மேல கூட மார்க்கு போடுவானா?"

"போட்டிருக்கானே."

"நான் சொல்லல?" என்றார். அன்றைக்குப் படிக்கட்டில் நின்றவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மாடு விற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் சந்தோஷம் ஒரு நடைகூடத் தாங்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். என் கையில் இருந்த சீட்டை எட்டிப் பார்த்து, "ஆயிரத்துக்கு மேல போனா நல்லது இல்லையே" என்றார்.

"இன்னா ஆவும்?"

"சரியாத் தெரியல. ரத்தம் கெட்டியாப் பூடும்னு சொல்லுவாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்தது, இறங்கிப் போய்விட்டார். டிக்கெட் வாங்காமல் இறங்கிப் போனவர்கள்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். "ரைட்" என்று சொன்னால் என் குரல் எனக்கே உறுமல் மாதிரி கேட்டது. காதில் ஒரு புது முடியைக் கண்டுபிடித்தேன். அது பத்து வருஷமாக அங்கே இருக்கிறது என்று செசிலி சொன்னாள், நான் நம்பவில்லை. பஸ்ஸில் ஏற்றிய ஒரு வேர்க்கடலை மூட்டைமேல் கோபம் வந்து அதோடு சண்டை போட்டேன். டிரைவர் கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தேன், பின்பக்கம் திமில் மாதிரி ஏதோ எழும்புகிற மாதிரி தெரிந்தது. காலர் மடிந்திருந்தது, அவ்வளவுதான். ரத்தம் கெட்டி ஆகிவிட்டதா என்று பார்க்க விரலை ஊசியால் குத்திக்கொண்டேன். ஒரு துளி வந்தது. கெட்டியா நீரா என்று எப்படிச் சொல்வது? அதற்கு முன்னால் என் ரத்தத்தை நான் உற்றுப் பார்த்ததே இல்லை.

உடம்புச் சூட்டைக் குறைக்க இளநீர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். "கொதிக்குதுடி" என்று சொன்னபோது செசிலி என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "இட்லி மாவு மிச்சம் இருக்குது. ஒங்க தலை மேலயே ஒரு ஈடு எடுத்துறட்டுமா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை தரகரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "ஏத்தி வுட்டது நீங்கதான். செத்துப்போயிடுவேன்னு பயமா இருக்குது."

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஏத்தினதை எறக்கத் தெரியாதா எனக்கு? விக்கிறவன் பக்கம் நின்னா மினுக்குவோம். வாங்கறவன் பக்கம் நின்னா, மாட்டு மேல சாம்பலைப் பூசி, கால் கொளம்பு இடுக்குல கல்லை வெச்சு நொண்ட வுடுவோம். வெலை தானா எறங்கும். நீ சவரம் பண்ணாத. அழுக்குச் சட்டை போடு. நொண்டிக்கினு போ. மெதுவாப் பேசு. இவ்ளோ சோர்ந்து கெடக்கறவனுக்கா இந்த நம்பருன்னு டாக்டரே சந்தேகப்பட்டு எறக்கிடுவான்."

இதையும் கேட்டேன். பயந்தவன் காதில் யார் பேசினாலும் ஏறும். கூட வந்து நிற்பதாகவும் அவர் சொன்னார். வந்தார்.

டாக்டர் அறைக்குள் நான் வலது காலை இழுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே தரகர், தோளில் துண்டோடு. டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"காலுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"சும்மாதான் சார்."

அவர் எழுந்துவந்து நாடியைப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். முகம் இறுகிக்கொண்டே போனது. "அளவு இவ்வளவு ஏறியிருக்கு. ஆளோ இப்படி இருக்கார். இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கலை. ஊசியை நிறுத்திடுவோம். காலுக்கு ரத்தம் ஒழுங்காப் போகுதான்னு பாக்கணும், இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க."

ஊசியை நிறுத்திடுவோம். எது வரக்கூடாது என்று இவ்வளவு கூத்தும் ஆடினேனோ, அது வந்துவிட்டது. மினுக்கியும் ஊசி தங்கவில்லை, நொண்டியும் தங்கவில்லை. நான் பேச வாயைத் திறந்தேன். அதுவரை பொய்யாக இருந்த கிணற்றுக் குரல் இப்போது நிஜமாகவே வந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். கையில் முறுக்கினார். பிரித்தார். மறுபடி முறுக்கினார். எத்தனையோ சந்தை பார்த்த மனுஷன். எந்த மாட்டின் எந்தக் குறையையும் வாங்குகிறவனிடம் வாய் தவறிக்கூடச் சொல்லாதவர். தன் எதிரில் நின்ற காளை சொந்தக்காரன் கையை நக்கியபோதே அசராதவர். அவருடைய நெற்றியில் வியர்வையை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"சார்" என்றார். "கறக்காம ஓட்டியாந்துட்டோம் சார்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "என்னது?"

"மாட்டை ரெண்டு வேளை கறக்காம வுட்டா மடி பெருசாத் தெரியும். சந்தைல பாக்கறவன் பத்து லிட்டர் கறக்கும்னு நெனைப்பான். நெசத்துல மூணுதான் கறக்கும். நீங்க சொன்ன அன்னைக்கு ஊசி எறங்கி இருக்கும்னு, ரெண்டு நாளு முன்னாடியே ஊசியைப் போட்டுக்கினு ரத்தம் குடுத்துட்டான். என் யோசனைதான். காலும் நல்ல காலுதான் சார். அதுவும் என் யோசனை. டேய், ஒழுங்கா நில்லுடா."

நான் ஒழுங்காக நின்றேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேஜைமேல் முழங்கையை ஊன்றி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரிய நேரம் ஆனது. சிரித்தார்.

பிறகு சொன்னார். ஊசி போட்ட ரெண்டு மூணு நாளில் ரத்தத்தில் அளவு உச்சிக்குப் போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடுத்த ஊசிக்கு முன்னால் அடியில் வந்து நிற்கும். அந்த அடி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் அவர் அந்த நாளைச் சொன்னார். "எப்போ எடுத்த ரத்தம்னு தெரியாட்டி நம்பரே இல்லைங்க. இந்த ஆயிரத்து அறுநூறு உங்க நம்பர் இல்லை. குப்பியோட நம்பர்."

"அப்போ மார்க்கு?" என்றார் தரகர்.

"மார்க் இல்லைங்க. முந்நூறு, ஆயிரம் ரெண்டும் வேலி மாதிரி. வேலிக்குள்ள மாடு எந்த மூலையில நிக்குதுன்னு எனக்குக் கவலை இல்லை. மேயுதா, நல்லா இருக்கான்னுதான் பாப்பேன். நம்பரையும் பாப்பேன், ஆளையும் பாப்பேன். ரெண்டையும் நீங்க மாத்திட்டா நான் எதைப் பாக்கறது?" என்னிடம் திரும்பினார். "தூக்கம் எப்படி?"

"இப்போ நின்னுக்கினு தூங்கறது இல்ல சார்."

"வீட்ல?"

நான் தரகரைப் பார்த்தேன். தரகர் ஜன்னலைப் பார்த்தார். "வூட்ல கேள்வி கேக்கறாங்க சார்" என்றேன். டாக்டருக்கு அது புரிந்ததா தெரியவில்லை, எழுதிக்கொண்டார்.

ரத்தம் கெட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். அதையும் அதே ரத்தத்தில் பார்த்தாகிவிட்டது, வேறு சீட்டில் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றார். மருந்து நீடித்தால் அதை அவ்வப்போது பார்க்க வேண்டுமாம். என் விரலில் இருந்த ஊசிக் குத்தைக் காட்டினேன். அதற்கும் ஒருமுறை முகத்தை மூடிக்கொண்டார். ஊசியை நிறுத்தவில்லை. இந்த முறை நாள் மாற்றாமல் போட்டுக்கொண்டு, மூன்று வாரம் முடிகிற அன்று மறுபடி வரச் சொன்னார். கிளம்பும்போது தரகரிடம், "அந்தத் துண்டு எதுக்கு?" என்று கேட்டார். தரகர் துண்டை விரித்து, டாக்டர் கையைப் பிடித்து, நூறு எது பத்து எது என்று காட்டிக் கொடுத்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, உள்ளே கை பிடித்துப் பார்க்கிற வைத்தியமும் உண்டு என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் இப்போது இல்லை. சேதி கேட்டுப் போனபோது அவரைக் கிடத்தியிருந்தார்கள். மீசை இரண்டு பக்கமும் அளவாகக் கறுப்படித்து, முறுக்கி விட்டிருந்தது. தலை படிய வாரியிருந்தது. யார் செய்தது என்று அவர் மனைவியைக் கேட்டேன். "படுக்கைல இருந்த நாலு நாளா எல்லாரும் பாக்க வருவாங்க வருவாங்கன்னு அவரே பண்ணிக்கினாரு" என்றாள். துக்க வீட்டில் சிரிக்கக்கூடாது. பந்தலுக்கு வெளியே போய், பஸ் வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் நின்றிருந்தேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த மீசை இல்லை. இரண்டாவது முறை நான் ரத்தம் கொடுக்கப் போன அந்தக் காலைதான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைகூட இல்லை. சந்தை இல்லாத நாளில் எனக்காக வீடு தேடி வந்துவிட்டார். நான் குளிக்கத் தண்ணீர் மொண்டேன். "ஊத்தாத" என்றார். சவரக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். தலையில் எண்ணெய் வைக்கக்கூட விடவில்லை. "இருக்கறபடி போ. ஒண்ணும் செய்யாத. பல்லு மட்டும் வெளக்கிக்கோ, டாக்டரு பாவம்." செசிலி வாசலில் நின்று, "இன்னாண்ணே, இப்படியே அனுப்பறீங்க?" என்றதற்கு, "இதுக்கு மேல என் கை படக்கூடாதும்மா" என்றார். பஸ்ஸில் என் காலர் கோணலாக இருந்தது. அவர் கை இரண்டு முறை அதுவரைக்கும் வந்தது. துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

சீட்டு வந்ததும் இரண்டு பேரும் போனோம். டாக்டர் அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். இறங்கின நாளில் எடுத்த ரத்தம். பழைய எண்பதே வந்திருந்தால்? டாக்டர் சீட்டைப் படித்தார், மடித்து வைத்தார். தரகர் பக்கம் கையை நீட்டி, "துண்டு" என்றார்.

தரகர் விரித்தார். இரண்டு கையும் உள்ளே போயின. நான் துண்டின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரகர் முகம் சந்தை முகமாக மாறியது, கல் மாதிரி. முதல் பிடி. இரண்டாவது பிடி. அவர் உதடு அசைந்தது.

"நாலா?" என்றார் மெதுவாக. "அப்புறம் மூணு."

டாக்டர் தலையாட்டினார்.

தரகர் விடவில்லை. துண்டுக்குள் ஏதோ செய்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அஞ்செல்லாம் இல்லை. இருக்கறது அவ்வளவுதான்" என்றார். "வேலிக்குள்ளதான் நிக்குது. ஊசி அப்படியே போகட்டும்."

நானூற்று முப்பது. நான் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் ஒன்று பறந்தது.

தரகர் மெல்லக் கையை வெளியே எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சவரம் செய்யாத முகம், வாராத தலை, கோணல் காலர் என்று என்னை உச்சியிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"சுமாரான மாடுதான் சார்" என்றார் டாக்டரிடம். "ஆனா காட்டினபடி இருக்குது. ஓட்டிக்கினு போறேன்."